குண்டு போன தூரம்

கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்தில் 1690-ஆம் வருஷம் ஒரு விசித்திரமான பந்தயம் நடந்தது. பந்தயம் என்று நான்தான் சொல்கிறேன். சரித்திரப் புத்தகங்கள் அதைக் கிரயம் என்று சொல்கின்றன.

செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் ராஜாராமுக்கு அப்போது பணமுடை. வடக்கேயிருந்து மொகலாயப் படை அவரைத் தேடி வந்துகொண்டிருந்தது. சென்னைப் பட்டணத்தில் கும்பினி கவர்னராக இருந்த எலிஹு யேல் துரைக்கோ, தெற்கே கடலோரத்தில் இன்னொரு கோட்டை வேண்டும் என்ற ஆசை. தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்கு விலை பேசி முடித்தார்கள். சரி, கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? இந்தக் கேள்விக்கு யாரும் சங்கிலி பிடித்து அளந்து பதில் சொல்லவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எங்கே போய் விழுகிறதோ, அந்த எல்லை வரை கும்பினியாருக்குச் சொந்தம் என்று ஏற்பாடாயிற்று.

கும்பினியார் வியாபாரிகள். வியாபாரிக்கு முழக்கோல் எவ்வளவு நீளம் என்பதில் எப்போதும் அக்கறை உண்டு. ஆகவே பெரிய பித்தளைப் பீரங்கியை உபயோகிக்க வேண்டும் என்று சென்னையிலிருந்து உத்தரவு போயிற்று. மருந்தைக் கெட்டித்து, வாயை வாகாக உயர்த்தி, கூடிய மட்டும் தூரம் போகும்படி சுடுவது பீரங்கிக்காரரின் சாமர்த்தியம் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவரும் சாமர்த்தியசாலிதான். குண்டு விழுந்த எல்லைக்குள் கடலூர்ப் பட்டணமே வந்துவிட்டது. சுற்றுப்புறத்துக் கிராமங்களும் வந்தன. அவற்றுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் நெடுங்காலம் வழங்கி வந்தது. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் கோட்டை என்று யேல் துரை பெயர் சூட்டினார்.

அன்று காலையில் வயலில் களை பறித்துக்கொண்டிருந்த ஒரு குடியானவனை நினைத்துப் பாருங்கள். தலைக்கு மேல் ஏதோ விர்ரென்று போகிறது. அப்பால் எங்கோ புழுதி கிளம்புகிறது. இனி வரி கட்டவேண்டிய எஜமானர் யார் என்று அந்தப் புழுதி தீர்மானித்துவிட்டது. அவனை யாரும் கேட்கவில்லை. ஆட்டம் அவன் நிலத்தில் நடந்தது. ஆனால் ஆட்டத்தில் அவன் இல்லை.

இதை ஏன் ஆட்டம் என்கிறேன் என்றால், அடித்தது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்கும் ஓர் ஆட்டம் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இருக்கிறது. கிட்டிப்புள் ஆடாத தகப்பனாரோ பாட்டனாரோ தென்னார்க்காட்டுச் சீமையில் அபூர்வம். கையில் ஒரு நீளக் குச்சி. தரையில் ஒரு சின்னக் குழி. இரு முனையும் சீவிய சிறு கட்டை ஒன்று. தட்டினால் துள்ளும், துள்ளியதை அடித்தால் பறக்கும். எதிரே நிற்பவன் அந்தரத்தில் அதைப் பிடித்துவிட்டால் அடித்தவன் ஆட்டம் போச்சு. பிடிக்காவிட்டால் போன தூரத்தைக் கோலால் அளந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் பிள்ளைகளின் ஆட்டத்துக்கும் கும்பினியாரின் ஆட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அது அடிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பிள்ளைகள் முதலில் உத்தி பிரிப்பார்கள். இரண்டு தலைவர்கள் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து தள்ளிப் போவார்கள். ஜோடி என்றால் சமமான ஜோடி. கெட்டிக்காரனுக்குக் கெட்டிக்காரன், நோஞ்சானுக்கு நோஞ்சான். தங்களுக்குள் ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு, தோளில் கை போட்டபடி திரும்பி வந்து, "மல்லிகைப் பூ வேண்டுமா, முல்லைப் பூ வேண்டுமா?" என்று கேட்பார்கள். எந்தப் பூவுக்குள் எந்தப் பையன் இருக்கிறான் என்று தலைவனுக்குத் தெரியாது. இரண்டு கட்சியும் சரிசமமாக அமைய இதைவிட நேர்மையான வழியை எந்தச் சட்டசபையும் கண்டுபிடிக்கவில்லை.

ஜோடி சேராமல் ஒரு பொடியன் மிஞ்சி நின்றால்? "என்னையும் சேத்துக்கிறீங்களா?" என்று கண்ணில் நீர் முட்டக் கேட்டால்? அதற்கும் ஒரு வழி உண்டு. அவன் 'ஒப்புக்குச் சப்பாணி.' அவன் அவுட்டானால் கணக்கில்லை. ஆனால் கட்டையை அவனும் ஒரு முறை தட்டலாம், மற்றவர்களோடு அவனும் ஓடலாம். பெரியவர்கள் இந்த வார்த்தையை எடுத்து, உதவாத உத்தியோகஸ்தர்களைக் கேலி செய்ய வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் அதைக் கேலியாகச் சொல்வதில்லை. ஒருவனும் வெளியே நிற்கக்கூடாது என்பதற்காக ஏற்பட்ட சட்டம் அது. இம்மாதிரி ஆட்டங்களைப் பற்றித் தேவநேயப் பாவாணர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். 1950-களின் பிற்பகுதியில் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில், சொல்லாராய்ச்சி செய்துகொண்டிருந்தாரே, அதே பாவாணர்தான். பெரிய புலவர் ஒருவருக்குப் பிள்ளைகளின் விளையாட்டு அற்பமாகத் தோன்றவில்லை.

இனி, பீரங்கி சுட்ட அதே இங்கிலீஷ்காரர்களிடம் திரும்புவோம். நியாயமாக ஆடவேண்டும் என்ற உபதேசத்தை நமக்கு அதிகமாகச் செய்தவர்களும் அவர்கள்தானே! ஒரு காரியம் முறையல்ல என்று சொல்வதற்கு "அது கிரிக்கெட் அல்ல" என்பார்கள். 1846-ல் சென்னையில் கிரிக்கெட் கிளப் ஏற்படுத்தினார்கள்; பிற்பாடு சேப்பாக்கத்தில் ஆடினார்கள். நம்மவர்கள் வேலிக்கு அப்பால் நின்று பார்த்தார்கள். ஆடப் போன இந்தியர்களுக்குங்கூடக் கொட்டகைக்குள் இடமில்லை. மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்ற நிலை இருந்தது.

அந்த அவமானம் ஒருவர் மனத்தில் தைத்தது. அவர் புச்சி பாபு என்று எல்லோரும் அழைத்த வெங்கட மகிபதி நாயுடு. பணக்காரர், கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. 1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, நம் பையன்களுக்கு மட்டையும் பந்தும் கொடுத்துப் பழக்கினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் விசேஷம். தம்மை வெளியே நிறுத்தியவர்களிடமே, "எங்களோடு ஆட வருகிறீர்களா?" என்று கேட்டார். 1908-ல் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் பந்தயம் ஏற்பாடாயிற்று. ஆட்டத்துக்குச் சில நாள் இருக்கும்போது புச்சி பாபு காலமாகிவிட்டார். ஆயினும் ஆட்டம் நடந்தது. 1915-லிருந்து அது பொங்கல் சமயத்தில் சென்னையில் ஒரு திருவிழாவாகவே ஆகிவிட்டது.

எதிரி என்ற சொல்லுக்கு விளையாட்டில் வேறு அர்த்தம் உண்டு என்று புச்சி பாபுவுக்குத் தெரிந்திருக்கிறது. யுத்தத்தில் எதிரி ஒழிந்தால் சந்தோஷம். ஆட்டத்திலோ எதிரி வராவிட்டால் ஆட்டமே இல்லை. நம்மைத் தோற்கடிக்க முழு மூச்சோடு முயல்பவன்தான் அன்று நமக்குப் பெரிய உபகாரம் செய்கிறான். வந்து நின்றானே என்பதற்காகவே அவனுக்கு நன்றி சொல்லவேண்டும்.

சென்னையில் விளையாட்டை மைதானச் சீமான்களிடமிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொண்டு வந்தவர்களில் ஓர் அமெரிக்கர் முக்கியமானவர். ஹாரி குரோ பக் என்பவர் 1919-ல் இந்தியாவுக்கு வந்தார். மறுவருஷமே ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று சென்னையில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய வீரர்களை அழைத்துச் சென்றார். 1943-ல் சென்னையிலேயே காலமானார். "நில், திரும்பு, நட" என்று டிரில் வாங்குவதுதான் தேகப்பயிற்சி என்றிருந்த காலத்தில், பிள்ளைகள் ஆடவேண்டும், ஆடிச் சிரிக்கவேண்டும் என்று வாத்தியார்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்.

அவர் பிறந்த பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1939-ல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் சிறுவர்களுக்காக ஒரு பேஸ்பால் சங்கம் ஆரம்பித்தார். பேஸ்பால் என்பது அமெரிக்கர்களின் கிட்டிப்புள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டைக்குப் பதில் பந்து; அடித்துவிட்டு நாலு மூலையையும் தொட்டு ஓடி வரவேண்டும். பெரியவர்களின் மைதானத்தைப் பிள்ளைகளின் காலுக்குத் தக்கபடி சுருக்கினார் ஸ்டாட்ஸ். 'லிட்டில் லீக்' என்ற அந்தச் சங்கம் தேசமெங்கும் பரவிற்று.

இனிச் சொல்லப்போவது 1955-ல் நடந்தது. தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்ற துறைமுகப் பட்டணம். அங்கே கேனன் தெரு என்று ஒரு தெரு. தமிழில் சொன்னால் பீரங்கித் தெரு! அந்தத் தெரு ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகள், பதினொரு பன்னிரண்டு வயதுக்காரர்கள், லிட்டில் லீக் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. மாநிலத்தில் இருந்த மற்றக் குழுக்கள் அறுபதுக்கு மேல். அத்தனையும் வெள்ளையர் குழுக்கள். கறுப்புப் பிள்ளைகளோடு ஆடமாட்டோம் என்று அத்தனை குழுக்களும் விலகிக்கொண்டன. விலகியவர்கள் பிள்ளைகள் அல்ல. பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. தேவனாம்பட்டினத்துக் குடியானவனைக் கேட்காதது போலத்தான்.

எதிர்க் கட்சி வராவிட்டால் வந்தவனுக்கு வெற்றி என்பது விதி. ஆகவே கேனன் தெருப் பிள்ளைகள் ஒரு பந்துகூட அடிக்காமல் மாநிலத்தில் வென்றார்கள். ஆனால் மேல்பந்தயத்துக்குப் போக ஆடி ஜெயித்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டார்கள். ஆட வராதவர்கள் செய்த தப்புக்கு, ஆட வந்தவர்களுக்குத் தண்டனை! சட்டம் பிசகவில்லை; நியாயம்தான் பிசகியது. சமாதானமாக ஒன்று செய்தார்கள். வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் இறுதிப் பந்தயத்தைப் பார்க்க அந்தப் பிள்ளைகளை விருந்தாளிகளாக அழைத்தார்கள்.

ஒரு பழைய பஸ்ஸில் அவ்வளவு தூரம் போனார்கள். மைதானத்தில் இறங்கிக் கொஞ்ச நேரம் பந்து போட்டுப் பழக அனுமதி கிடைத்தது. பந்து கையிலிருந்து கைக்குப் பறந்த நேர்த்தியைக் கூட்டம் கண்டது. அப்புறம் பிள்ளைகள் படிக்கட்டில் போய் உட்காரவேண்டியதாயிற்று. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல் கிளம்பிற்று. பிறகு பல குரல்கள். "அவர்களை ஆட விடுங்கள்! அவர்களை ஆட விடுங்கள்!" என்ற கோஷம் எழுந்தது. ஆனாலும் ஆட விடவில்லை. 2002-ல் லிட்டில் லீக் அவர்களை வில்லியம்ஸ்போர்ட்டுக்கு அழைத்துக் கௌரவித்தது. வந்தவர்கள் அறுபது வயதை நெருங்கியவர்கள். கௌரவம் நல்ல விஷயம்தான். ஆனால் பன்னிரண்டாவது வயதில் ஆடவேண்டிய ஆட்டத்தை யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதாக இராது. "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லியே திருநாளைப்போவார் என்று பெயர் பெற்ற ஒருவர் அவர்கள் ஊர் எல்லையில் வந்து நின்றதைப் பெரிய புராணம் சொல்கிறது. நந்தனார் கேட்டதும், "என்னையும் சேர்த்துக்கொள்கிறீர்களா?" என்பதுதான். திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்தி சற்றே விலகிக்கொண்டது. தில்லையில், நெருப்பில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது. மற்றவர்கள் யாருக்கும் அந்த நெருப்பு இல்லை.

அந்தப் பெயரையே சூட்டி, 1916-ல் சிதம்பரத்தில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகச் சுவாமி சகஜானந்தர் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். 1959-ல் மறையும் வரையில் அதற்காகவே உழைத்தார். நெருப்பில் மூழ்காமலே உள்ளே நுழையக்கூடிய வாசல் ஒன்று அந்த ஊரில் உண்டாயிற்று.

பந்தயங்கள் இப்போது பெருகிவிட்டன. கோப்பைகள் ஆளுயரம் வளர்ந்துவிட்டன. மகன் அவுட்டானால் மைதானத்துக்குள் இறங்கி நடுவரோடு சண்டை போடும் தகப்பனார்களும் வளர்ந்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு ஜெயிக்கக் கற்றுக்கொடுக்கிறோம். தோற்றால் அழாதிருக்கக்கூடக் கற்றுக்கொடுக்கிறோம். வேலிக்கு வெளியே நிற்பவனைக் கவனிக்க மட்டும் கற்றுக்கொடுக்க மறந்துவிடுகிறோம். அதுவும் பிள்ளைகளுக்குத் தானாகத் தெரிந்த வித்தை. நாம் மறக்கடிக்காமல் இருந்தாலே போதும்.

செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்தார்கள். கெடில நதிக்கரையில் சில இடிபாடுகள் மிஞ்சியிருக்கின்றன. அன்று அந்தக் குண்டு எவ்வளவு தூரம் போயிற்று என்பது இன்று யாருக்கும் ஒரு பொருட்டில்லை. உத்தி பிரித்து, எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, ஒரு பையன் கிட்டியைத் தட்டி அடித்தால் அது எவ்வளவு தூரம் போயிற்று என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் இன்றும் தகராறு வரும். அளந்து பார்த்துச் சண்டையைத் தீர்த்துக்கொண்டு, மறுபடியும் ஆடுவார்கள்.