நீவா நதியும் ஒரு ஜோடி செருப்பும்

இங்கே செருப்புக் கடைக்குப் போனால் உள்பக்கம் திருப்பி எந்த நாடு என்று பார்ப்பேன். போன வாரம் 'மேட் இன் இந்தியா'. ஆம்பூர் ஞாபகம் வந்துவிட்டது.

எங்கள் சித்தூர் வழியாக ஓடும் நீவா நதிதான் பொன்னையாறு என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குள் போய்ப் பாலாற்றில் சேர்கிறது. 1911 வரை இதெல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம், தலைநகர் சித்தூர்தான்! இப்போது வேலூர் மாமா போன் செய்தால், "உங்க ஆந்திராக்காரங்க தண்ணிய மறிச்சுட்டாங்க மாப்ளே" என்பார். மறித்தது உண்மைதான். இருந்த தண்ணீர் என்ன ஆனது?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் முன்பு ஆவாரம்பட்டை போட்டுத் தோல் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். 1970களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாக முடித்த தோலுக்கும் செருப்புக்கும் சலுகை கொடுத்தது. டாலர் வந்தது, ஆயிரக்கணக்கானோருக்கு வேலை வந்தது. சீக்கிரம் வேலை முடிக்கும் குரோமிய உப்பும் பரவியது. கழிவுநீர் ஆற்றிலும் வயலிலும் இறங்கி, கிணறுகள் உப்பாகிப் போயின.

வேலூர் மக்கள் நல அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. தோல் பகுதியில் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுதாகவோ பாழ் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பதிவு செய்தது. கெடுத்தவரே செலவை ஏற்கவேண்டும் என்றது. அபராதம்? தொழிற்சாலைக்குப் பத்தாயிரம் ரூபாய்! 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

மாமாவிடம் இதெல்லாம் சொன்னேன்.

"நீங்க தண்ணி விட்டா உப்ப அலசிட்டுப் போயிடுமே மாப்ளே" என்றார்.