ஆரணி: ஆறும் ஜாகிரும் தறிமொழியும்

ஜவ்வாது மலையில் தோன்றும் கமண்டல நாகநதி, செய்யாற்றோடு கலப்பதற்கு முன் ஆரணி நகரைத் தொட்டுச் செல்கிறது. ஆறு அணி செய்யும் ஊராதலின் ஆரணி எனப் பெயர் பெற்றது என்பர். இவ்விளக்கம் எழுத்திலேயே இடறுகிறது. ஆறு என்பதில் நிற்பது வல்லின றகரம். ஊர்ப்பெயரில் நிற்பது இடையின ரகரம். ‘ஆரணியம்’ என்பதன் திரிபு எனக் கொள்வோர்க்கு இத்தடை இல்லை. எனினும் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி உண்டு. அதனை அடுத்து ஓடுவது ஆரணியாறு. ஆதலின் ஓர் ஊரின் சூழலை மட்டும் கொண்டு பெயர்க்காரணம் கூறுதல் பொருந்தாது.

நகரைச் சூழ்ந்த பகுதி பழமையானது. சம்புவராயர் தலைநகரான படைவீடு அண்மையில் உள்ளது. பூண்டியில் பொன்னெழில்நாதர் கோயில் உள்ளது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட சமணர் இன்றும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர்.

17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் அரசின் படைத்தலைவரான ஷாஹாஜி போன்ஸ்லேயின் காலத்தில், வேதாஜி பாஸ்கர் பந்த் என்பார் ஆரணி ஜாகிரைப் பெற்றார். அதன்பின் தமிழ் மண்ணில் மராத்தி பேசும் ஆட்சிக் குடும்பம் ஒன்று நிலைகொண்டது. அருகிலுள்ள சத்தியவிஜயநகரம் உத்தராதி மடத்துச் சத்தியவிஜய தீர்த்தரின் பெயரைத் தாங்கியுள்ளது. அவரது பிருந்தாவனம் அங்குள்ளது. ஜாகிரின் சமயத் தொடர்பு கன்னட நாடு வரை நீண்டதை இப்பெயர் காட்டுகிறது. கோட்டையும் வாளாவிருக்கவில்லை. 1751 டிசம்பரில் கிளைவ், மராத்தியக் குதிரைப்படையின் துணையுடன் சந்தா சாகிபின் மகன் ரசா சாகிபை இங்கு முறியடித்தார். 1782 ஜூனில் ஐதர் அலியின் பண்டகசாலையாக இருந்த ஆரணியை நோக்கி அயர் கூட் படை நடத்தினார். அவ்வாண்டு டிசம்பரில் ஐதர் மறைந்தார்.

போர்களினும் நிலைத்தது தறியே. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. நெசவாளருள் தமிழ் பேசுவோருடன் தெலுங்கும் சௌராட்டிரமும் பேசுவோர் உளர். சௌராட்டிரரைத் தமிழர் ‘பட்டுநூல்காரர்’ என்றே அழைத்தனர், தொழிலே இனப்பெயரானது. இந்தோ-ஆரிய மொழியான சௌராட்டிரம், நூற்றாண்டுகளாகத் திராவிட மொழிகளின் நடுவே பேசப்பட்டு வருகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அதனைத் தாய்மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 2.47 இலட்சம் பேர். அதன் வரிவடிவம் 2008இல் ஒருங்குறியில் இடம்பெற்றது. ஆயினும் பிள்ளைகள் பள்ளியில் தமிழும் ஆங்கிலமுமே கற்கின்றனர். எழுத்துக்கு இடம் கிடைத்தபின் படிப்போர் கிடைக்கவில்லை.

தறிமேடையில் மொழிகள் கலந்தே நிற்கின்றன. பாவு, ஊடை, அச்சு, விழுது ஆகியவை தமிழ். ஜரிகை பாரசீகத்தின் வழி வந்தது. ஜக்கார்டு ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். அரண்மனை மொழியாகிய மராத்தியின் செல்வாக்கை ஜாகிர் ஆவணங்களில் தேடுவோர், இச்சொற்களைத் தறிக்காரரிடம் கேட்டுத் தொகுப்பதில் அத்துணை ஆர்வம் காட்டுவதில்லை. ஆவணம் காப்பகத்தில் காத்திருக்கும். குழித்தறி விசைத்தறிக்கு வழிவிடும் வீட்டில், அதன் உறுப்புகளுக்குச் சௌராட்டிரத்தில் வழங்கிய பெயர்களை அறிந்தவர் முதியவர் ஒருவரே.