சோறு போட்ட குற்றம்

வ.உ.சி என்றாலே நமக்குக் கப்பலும் செக்கும்தான். 1961-இல் வந்த சிவாஜி படம் பார்த்து வளர்ந்த வீடுகளில் கேட்கவே வேண்டாம். ஆனால் 1908 ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே தந்த தீர்ப்பில் ஒரு விசித்திரமான கணக்கு இருக்கிறது. எனக்கு அது செக்கைவிடக் கனமாகத் தெரிகிறது.

வ.உ.சிக்கு மொத்தம் 40 ஆண்டு தீவாந்தர தண்டனை. அதில் 20, அவரே பேசிய ராஜத்துரோகப் பேச்சுக்கு. மற்ற 20? சுப்பிரமணிய சிவா பேசியதற்கு உடந்தையாக இருந்ததற்கு. சரி, பேசிய சிவாவுக்கு எவ்வளவு? 10தான். பேசியவருக்கு ஒரு பங்கு, பேச இடம் கொடுத்தவருக்கு இரண்டு பங்கு!

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 107-ஆம் பிரிவுக்கு மூன்று வாசல்கள் உண்டு. ஒருவரைக் குற்றம் செய்யத் தூண்டுவது, சேர்ந்து சதி செய்வது, தெரிந்தே உதவுவது. மூன்றும் ஒரே குற்றம்தான், ஒரே உச்சவரம்புதான். இதில்தான் சூட்சுமமே. தூண்டினார் என்று நிரூபிக்க, என்ன சொல்லித் தூண்டினார் என்று காட்டவேண்டும். உதவினார் என்பதற்கு ஓர் இலையும் பாயும் போதும். தூத்துக்குடியில் சிவாவைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டவர் வ.உ.சி. கூட்டங்களில் இருவரும் சேர்ந்தே நின்றார்கள்.

சிவாவை யாராவது தூண்டவேண்டியிருந்ததா என்ன? தூத்துக்குடிக்கு வரும் முன்பே, பேசிப் பேசியே திருவனந்தபுரத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். ஆனால் அரசுக்குப் பயம் 23 வயதுப் பேச்சாளர்மேல் மட்டுமா? வெள்ளைக்காரன் கம்பெனிக்குப் போட்டியாகக் கொழும்புக்குக் கப்பல் விட்டவர் வ.உ.சி. அவ்வருடம் கோரல் மில் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் பக்கம் நின்றவர். மார்ச் 12-இல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாளே திருநெல்வேலி பற்றி எரிந்தது. ஊரையே தூண்டக்கூடியவர், ஓர் ஆளைத் தூண்டியிருக்க மாட்டாரா? தீர்ப்பு இப்படித்தான் யோசித்திருக்கும் என்பது என் ஊகம்.

வ.உ.சி தானே வக்கீல். 107 என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை. பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தண்டனையை 6 ஆண்டாகக் குறைத்தது. 1912 டிசம்பரில் வெளியே வந்தபோது கப்பல் கம்பெனி இல்லை.

இதே சட்டத்தைத்தான் 1871-இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும், அதாவது சிங்கப்பூர், பினாங்கு, மலாக்காவுக்கும், அவசரச் சட்டமாக எடுத்துவந்தார்கள். இந்தியாவில் 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து 107, 45 ஆகிவிட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உடந்தைக்கு இன்னும் 107தான்.