கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஒரு கறுப்பு பீர்

பாட்டில் வீட்டுக்கு வந்து மூன்று நாளாகியும் அதைத் திறக்க ஓர் இடம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் சாராயம் என்ற சொல்லையே அம்மா சொல்ல மாட்டார். "அது" என்பார். அப்பா இறந்து பதினான்கு வருடம் ஆகிறது. "அது"தான் காரணம் என்று தெருவுக்கே தெரியும்.

அத்தை மகன் வேல்ஸில், சுவான்சி நகரத்து மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறான். லீவில் வந்தவன் பெட்டியில் ஸ்வெட்டருக்குள் சுற்றி ஒரே ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு பழைய கொட்டகையில் நடத்தும் சின்ன ஆலையில் காய்ச்சிய ஸ்டவுட். "உனக்குத்தான்டா. நீதான் எதையாச்சும் ருசி பாத்துட்டு நாலு பக்கம் எழுதுவியே" என்றான்.

கடைசியில் மொட்டை மாடி. ராத்திரி ஒன்பதரை மணி. எதிரே சேர்வராயன் மலை கறுப்பாக நிற்க, ஏற்காடு ஏறும் வண்டிகளின் வெளிச்சம் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி மேலே போய்க்கொண்டிருந்தது. நான் ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று கேட்டதற்குச் சிரித்தான். "இதச் சில்லுனு குடிச்சா ஒண்ணுந்தெரியாது மாப்ள. அப்படியே ஊத்து, மெதுவா."

எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினோம். கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் விளிம்பில் மட்டும் செம்பழுப்பு. மேலே டிகிரி காபி மாதிரி ஒரு விரல் உயரத்துக்கு நுரை. முதல் வாயில் கசப்பு. அது போன பின்னால் வறுத்த காபிக்கொட்டை, அடிப்பிடித்த வெல்லப்பாகு, கடைசியில் நாக்கின் ஓரத்தில் லேசான புளிப்பு. கல்லூரி நாட்களில் இரண்டு மூன்று தடவை பீர் குடித்திருக்கிறேன். ஐஸ் மாதிரிக் குளிர வைத்து, மூக்கைப் பிடிக்காத குறையாக, யாராவது பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று குடித்தது. ருசி என்று ஒன்று அதில் இருந்ததா என்றே ஞாபகம் இல்லை. ருசித்துக் குடிக்கவும் முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஏன் இத்தனை நாள் உறைக்கவில்லை என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

ஸ்டவுட்டின் கதை ஒன்றும் மர்மமில்லை. பார்லியை ஊறவைத்து முளைகட்டி, முளை நீண்டுவிடாமல் காயவைத்தால் மால்ட். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள், அரைத்து வெந்நீரில் போட்டதும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அந்தச் சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஆறவைத்து ஈஸ்ட் சேர்த்தால் பீர். தானியத்தில் கொஞ்சத்தைக் கருக வறுத்துச் சேர்த்தால் கறுப்பு பீர். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்குபவர்கள் விரும்பிக் குடித்ததால் அதற்குப் போர்ட்டர் என்று பெயர் வந்தது. அதில் திடமானது ஸ்டவுட் போர்ட்டர். பிறகு வெறும் ஸ்டவுட். 1817இல் டேனியல் வீலர் என்பவர் காபி வறுப்பது போன்ற உருளை ஒன்றுக்கு லண்டனில் காப்புரிமை வாங்கினார். தீப்பிடிக்காமல் மால்ட்டைக் கருக வறுக்க முடிந்தது அதற்குப் பிறகுதான். என் நாக்கில் காபி தெரிந்தது கற்பனை இல்லை. இரண்டும் ஒரே மாதிரி வறுபட்டவை.

கும்பினிக் காலத்தில் இந்தக் கறுப்பு பீர் பீப்பாய் பீப்பாயாக இந்தியாவுக்குக் கப்பலேறியது. வெளுத்த 'இந்தியா பேல் ஏல்' அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும். சாதாரண வெள்ளைச் சிப்பாய்க்குப் போர்ட்டர்.

ஆனால் முளைகட்டிய தானியத்தில் மது செய்வதை வெள்ளைக்காரன் வந்து நமக்குச் சொல்லித் தரவில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படையில் ஒரு செய்முறையே இருக்கிறது. அரிசிக் கூழை அகலமான தட்டில் ஆறவைத்து, முளைநெல்லை இடித்துக் கலந்து, சாடியில் இரண்டு பகல் இரண்டு இரவு விட்டு, வடித்து எடுக்கிறார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு செய்யும் அரிசி மதுவுக்குத் தோப்பி என்று பெயர். தேறல், நறவு, மட்டு, பிழி என்று வேறு சொற்களும் சங்கப் பாட்டில் உண்டு. ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் இத்தனை சொல் வைத்திருந்த பாஷையில், இன்றைக்கு எங்கள் தெருவில் மிச்சமிருப்பது இரண்டே: சரக்கு, தண்ணி. ருசியைச் சொல்ல ஒரு சொல் இல்லை. மப்பைச் சொல்ல இருபது உண்டு.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்தின் சரித்திரம் குறுக்கே வருகிறது. சேலத்தில் வக்கீலாக இருந்து, நகரசபைத் தலைவராகவும் இருந்த ராஜாஜி 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை 1929இல் நடத்தினார். வந்தது பத்தே இதழ். அதில் அவருக்கு உதவியாசிரியராக இருந்து கதைகளும் எழுதியவர் கல்கி. 'பொன்னியின் செல்வன்' எழுதிய கை, அதற்கு முன் குடியைப் பற்றி எழுதிப் பழகிய கை.

1937 ஜூலையில் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானார். அந்த அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் பூரண மதுவிலக்கு வந்தது. மாகாணத்தில் முதல் மாவட்டம் எங்களுடையதுதான். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்த பழைய சேலம். அடுத்த வருடம் சித்தூர், கடப்பை, அதற்கடுத்து வட ஆற்காடு. மாகாண வருமானத்தில் கால் பங்குக்குப் பக்கமாகக் கலால் வரிதான் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நாம் சோப்புக்கும் சினிமாவுக்கும் கட்டும் ஜிஎஸ்டிக்குக் கொள்ளுத்தாத்தா, சேலத்துக் கள்ளுக்கடை மூடியபோது பிறந்தவர்.

என் வீட்டில் அந்த அக்டோபர் 1க்கு இரண்டு ஞாபகங்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பேசாது.

அம்மா வழி அம்மாயி அப்போது ஏழு வயதுப் பிள்ளை. அவருடைய அப்பா வாரக் கூலியைக் கடையிலேயே வைத்துவிட்டு வருபவர். "கடைய மூடுன வருசந்தான்டா எங்கூட்டுக்குப் பித்தாளக் குண்டா வந்துச்சு" என்பார் அம்மாயி. அந்தக் குண்டா இன்னும் எங்கள் சமையல்கட்டில் இருக்கிறது. ராஜாஜி என்ற பெயர் அவருக்குத் தெரியாது. "ஐயரு ஒருத்தரு மூடுனாரு" என்பார். ராஜாஜி ஐயங்கார் என்று திருத்தினால், "எந்த ஐயரா இருந்தா என்ன, குண்டா வந்துச்சா இல்லியா?"

அப்பா வழிக் கொள்ளுத்தாத்தா மரமேறி. காலையும் மாலையும் பனையேறி, பாளையைச் சீவிக் கலயம் கட்டியவர். பனஞ்சாறு இறங்கிய சில மணி நேரத்தில் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். மால்ட்டும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிவிட்டால் அதே சாறு புளிக்காது, பதநீர். ஒரு விரல் சுண்ணாம்புதான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவே இருந்த சுவர். மரமேறிகள் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சட்டும் என்று சர்க்கார் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்துக் கொடுத்தது. கொள்ளுத்தாத்தாவும் காய்ச்சினார். விறகுக்கும் சுண்ணாம்புக்கும் போக மிஞ்சியது போதவில்லை என்று ஒருநாள் அரிவாளை எரவாணத்தில் செருகிவிட்டு, மலைமேல் காபித் தோட்டத்துக்குக் கூலியாகப் போனார். அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரிகளில் இந்தக் கதையைத்தான் சொல்வார். "மரத்துல இருந்த வரைக்கும் எங்க தாத்தன் ஒருநாளும் உளுந்ததில்ல" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் விழுவார்.

அத்தை மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அங்கயும் ஒரு சேலம் இருக்குடா" என்றான்.

சேலம் என்ற எழுத்துக்கூட்டில் வேல்ஸில் ஊர் ஊருக்குத் தேவாலயம் உண்டு. அது பைபிளில் வரும் சாலேம். எருசலேமின் பழைய பெயர், சமாதானம் என்று பொருள். சிட்னி கர்னோ வாஸ்பர் 1908இல் அப்படி ஒரு சாலேம் தேவாலயத்தை வரைந்தார். கறுத்த உயரத் தொப்பியும் பூவேலைச் சால்வையுமாக ஒரு கிழவி ஜெபத்துக்கு வருகிறாள். சன்லைட் சோப்புக்காரர்கள் அந்த ஓவியத்தை வாங்கி, சோப்பு வாங்குபவர்களுக்கு அச்சுப் பிரதி கொடுக்க, நம் வீடுகளில் சிவகாசிக் காலண்டர் முருகன் போல வேல்ஸ் வீடுகளில் அது தொங்கியது. சால்வையின் மடிப்பில் சாத்தானின் முகம் தெரிகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. நான் அப்படியெல்லாம் வரையவில்லை என்றார் வாஸ்பர். பார்த்தவர்கள் பார்ப்பதை நிறுத்தவில்லை.

அந்தத் தேவாலயங்கள்தான் வேல்ஸின் மதுவிலக்கு இயக்கம். 1881இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வேல்ஸில் ஞாயிற்றுக்கிழமை பப்கள் திறக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. வேல்ஸுக்கென்று தனியாக வந்த நவீன காலச் சட்டங்களில் முதலாவது அது. அங்கேயும் சந்து பொந்து இருந்தது. பயணிக்கு விலக்கு என்பதால் மூன்று மைல் நடந்து போய்ப் பயணியானார்கள். கிளப்களுக்குச் சட்டம் பொருந்தாது என்பதால் கிளப்கள் முளைத்தன. கார்டிஃப் நகரத்தில் கள்ளத்தனமான கடைகள் பெருகின.

ஆனால் அது முடிந்த விதம் வேறு. 1961இல், ஞாயிறு கடை வேண்டுமா வேண்டாமா என்று பகுதி பகுதியாக மக்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். ஏழு வருடத்துக்கு ஒருதரம் மறுபடி கேட்கலாம். கார்டிஃப், சுவான்சி உடனே திறந்தன. வேல்ஸ் மொழி பேசும் மேற்குப் பக்கம் மூடியே வைத்திருந்தது. கடைசிப் பகுதியான டுவைஃபோர் திறந்தது 1996இல். முப்பத்தைந்து வருடம் ஊர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே பேசி முடிவெடுத்தார்கள்.

இங்கே எங்களை யாரும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் நிறுத்தி வைத்த மதுவிலக்கு, 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் கருணாநிதி அரசு திறந்தது. 1974இல் அதே அரசு மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983இல் டாஸ்மாக். 1987இல் கள்ளும் சாராயமும் தடை. 1990இல் சாராயம் மட்டும் திரும்ப வந்தது; 1991இல் போனது. 2003இல் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. என் கொள்ளுத்தாத்தா இறக்கிய கள் இன்றுவரை குற்றம். ஆலையில் வடித்த பிராந்தி அரசுக் கடையில் கிடைக்கும். இதை எப்படிச் சுற்றி வளைத்து யோசித்தாலும் எனக்குப் புரியவில்லை.

அதற்காக எல்லாவற்றையும் திறந்துவிட்டால் தீர்ந்தது என்று எழுதவும் கை வரவில்லை. இளம்பிள்ளைப் பக்கத்துக் காந்தியவாதி சசிபெருமாள், 2015இல் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லிக் குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்டார். அவரைக் கேலி செய்தவர்களில் கல்லூரி மாணவனாக நானும் ஒருவன். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. பாதிக்கப்பட்டவர்களைச் சேலம் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா பூஜையறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

ருசி வளர அவகாசம் வேண்டும். வறுத்து, காய்ச்சி, காத்திருந்து, ஆற அமர உட்கார்ந்து, இன்னொருவரோடு பேசிக்கொண்டே ஒரு வாய். ஒளிந்து குடிப்பவனுக்கு அந்த அவகாசம் இல்லை. அவனுக்குச் சீக்கிரம் ஏற வேண்டும், அவ்வளவுதான். எண்பது வருடமாகத் திறந்தும் மூடியும் எங்களை அந்த அவசரத்திலேயே வைத்துவிட்டார்கள் என்று அத்தை மகனிடம் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "சுவான்சி எமர்ஜென்சி வார்டுக்கு ஒரு சனிக்கிழம ராத்திரி வந்து பாரு. அங்கயும் ருசிக்கு யாரும் குடிக்கல" என்றான். என் கொள்கையில் பாதி அங்கேயே போயிற்று.

அப்போதுதான் அம்மா மேலே வந்தார். படியில் சத்தமே கேட்கவில்லை. டம்ளரை ஒளிக்க நேரமில்லை. எடுத்து மோந்து பார்த்தார்.

"பனவெல்லம் தீஞ்ச வாசம் அடிக்குது" என்றார்.

நாங்கள் பேசவில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"நல்ல வாசமாத்தான் இருக்குது. உங்கொப்பனுக்கும் மொதல்ல வாசந்தான் புடிச்சுதுன்னு சொல்லுவாரு."

இறங்கிப் போய்விட்டார். டம்ளரில் பாதி இருந்தது. அதைக் குடிக்கவும் முடியவில்லை, கொட்டவும் மனசு வரவில்லை. விடியும் வரை அங்கேயே இருந்து, நுரையெல்லாம் அடங்கி, ஆறின காபி மாதிரி ஆகிவிட்டது.

பாட்டிலை அம்மா கழுவி வெயிலில் காயவைத்தார். இப்போது அதில் நல்லெண்ணெய் இருக்கிறது. லேபிளை மட்டும் அவர் கிழிக்கவில்லை.