டெர்மினேட்டர் தொலைஞ்சா மொத்த ஆபீஸும் அவுட்!

தலைப்பைப் பாத்துட்டு அர்னால்டு படம்னு ஓடி வந்தவங்க மன்னிச்சுக்கங்க. இது வேற டெர்மினேட்டர். விரல் நுனி சைஸ்ல, உள்ளே 50 ஓம் ரெசிஸ்டர் வச்ச ஒரு குட்டி மூடி. 1980களோட கடைசியில பல ஆபீஸ் நெட்வொர்க்கோட உயிர் இந்த மூடியிலதான் இருந்துச்சு.

கதை ஹவாய்ல ஆரம்பிக்குது. அங்க பல்கலைக்கழகத்துல நார்மன் ஆப்ராம்சன் குழு 1971ல அலோஹாநெட்டை ஓடவிட்டாங்க. தீவுகளுக்கு நடுவுல ரேடியோ வழியா தகவல். எல்லாருக்கும் ஒரே அலைவரிசை. ரெண்டு பேர் ஒண்ணாப் பேசினா ரெண்டும் குப்பை. அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒரு இடைவெளி விட்டு மறுபடி அனுப்பணும். எளிமையான முறைதான். ஆனா கணக்குப் போட்டா மொத்தத் திறன்ல சுமார் 18 சதவீதத்தைத் தாண்டாது.

ஜெராக்ஸ் கம்பெனியோட பாலோ ஆல்ட்டோ ஆய்வகத்துல இருந்த ராபர்ட் மெட்கால்ஃப் இதைப் பிடிச்சுக்கிட்டார். அங்க ஆல்ட்டோ கணினிகளையும் லேசர் பிரிண்டரையும் இணைக்க வேண்டியிருந்துச்சு. 1973 மே 22ல ஒரு குறிப்பு எழுதினார். அதுதான் ஈதர்நெட். காத்துக்குப் பதிலா கேபிள். பேசுறதுக்கு முன்னாடி யாராவது பேசுறாங்களான்னு கேளு. மோதினா உடனே நிறுத்து. திரும்பத் திரும்ப மோதினா இன்னும் அதிக நேரம் பொறு. நம்ம ஊரு டீக்கடை பெஞ்சுல கூட இவ்வளவு நாகரிகம் கிடையாது :-)

1980ல டெக், இன்டெல், ஜெராக்ஸ் மூணும் சேந்து 10 மெகாபிட் வேகத்துக்கு விதிமுறை வெளியிட்டாங்க. அப்புறம் வந்த மெல்லிசு கோஆக்ஸ் கேபிள் 185 மீட்டர் வரைக்கும் போகும். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி ஒவ்வொரு கணினி முதுகுலயும் ஒரு 'டி' கனெக்டர், ரெண்டு நுனியிலயும் டெர்மினேட்டர். மூடி கழண்டா சிக்னல் நுனியில மோதித் திரும்பி வந்து புது சிக்னலைக் கெடுத்துடும். யாரோ ஒருத்தர் கால் பட்டு கேபிள் உருவிக்கிச்சுன்னா அவருக்கு மட்டும் இல்லை, அத்தனை பேருக்கும் நெட்வொர்க் காலி.

கண்டுபிடிக்கிற விதம் அழகு. மல்டிமீட்டரை வச்சுப் பாக்கணும். ரெண்டு 50 ஓம் பக்கவாட்டுல சேந்தா 25. மீட்டர் 25 காட்டினா நலம். 50 காட்டினா ஒரு பக்கம் அறுந்திருக்கு. அப்புறம் நடுவுல பிரிச்சு, மூடி போட்டு, எந்தப் பாதி வேலை செய்யுதுன்னு பாத்து, அதை மறுபடி பாதியாக்கி.. நாம பரீட்சைக்குப் படிச்ச பைனரி சர்ச்சேதான், மேஜைக்கு அடியில தவழ்ந்துக்கிட்டு!

1990ல 10பேஸ்-டி தரம் வந்துச்சு. டெலிபோன் ஒயர் மாதிரி முறுக்குக் கம்பி, நடுவுல ஒரு ஹப், ஆளுக்கு ஒரு தனிக் கேபிள். ஒண்ணு அறுந்தா ஒருத்தர்தான் அவுட். எந்த லைட் எரியலைன்னு பாத்தாலே போதும். என்னைக் கேட்டா ஈதர்நெட்டைக் காப்பாத்தினது வேகம் இல்லை, இதுதான்.

ஆனா புது வசதின்னா புது வியாதியும் உண்டு. எங்க ஹாஸ்டல்ல கேம் ஆட போட்ட லேன்ல ஒரு நண்பன் ஒரே கேபிளோட ரெண்டு நுனியையும் ஒரே ஸ்விட்ச்சுல சொருகிட்டான். அனுப்பின பாக்கெட் சுத்திச் சுத்தி வந்து பெருகி, அத்தனை லைட்டும் வெறி பிடிச்ச மாதிரி மின்னி, ஆட்டம் குளோஸ். இந்த வட்டத்தை உடைக்கத்தான் ராடியா பெர்ல்மன் 1985லயே ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினாங்க. மலிவு ஸ்விட்ச் பலதுல அது இருக்காது.

கடைசியா ஒரு ஆதங்கம். மெட்கால்ஃப் குறிப்பு எழுதினார் சரி. அதைக் கையால கட்டி ஓட வச்சது டேவிட் பாக்ஸ், ஹாம் ரேடியோ ஆர்வலர். 1976 ஆய்வுக் கட்டுரையில ரெண்டு பேர் பேரும் இருக்கு. 1977 காப்புரிமையிலயும் இருக்கு. 2022 பிப்ரவரியில பாக்ஸ் போயிட்டார். அந்த வருஷத்துக்கான டூரிங் விருது மெட்கால்ஃபுக்கு மட்டும் அறிவிக்கப்பட்டது 2023 மார்ச்சுல. மெட்கால்ஃப் தகுதியானவர்தான், சந்தேகமே இல்லை. ஆனா அடுத்த தடவை கேபிளைச் சொருகி 'டக்'குன்னு சத்தம் கேட்டா, பாக்ஸையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கங்க மக்களே.