நினைவும் ஆண்டுக்கணக்கும்: மலேசியக் குடும்ப வாழ்வாய்வு தரும் சான்று

தீபகற்ப மலேசியாவின் குடும்ப வரலாற்றை ஆராய்வோர் புறந்தள்ள இயலாத சான்றுகளுள் மலேசியக் குடும்ப வாழ்வாய்வும் ஒன்றாகும். ராண்ட் நிறுவனத்தார் 1976, 1977ஆம் ஆண்டுகளில் 52 இடங்களில் இதனை நடத்தினர். மணமான, 50 வயதிற்குட்பட்ட 1,262 பெண்கள் இதில் இடம்பெற்றனர். நான்கு மாத இடைவெளியில் மும்முறை வினவுவது திட்டம். அவ்விடங்களுள் மூன்று, இந்தியக் குடும்பங்களுக்கும் மீனவர் குடும்பங்களுக்கும் கூடுதல் இடமளிக்கும் பொருட்டுத் தனியே தெரிந்தெடுக்கப்பட்டவை என்பது நம் துறையினர்க்கு நோக்கற்குரியது. 1988இல் இரண்டாம் ஆய்வு தொடங்கியபோது, முன்னர் விடையளித்த பெண்களுள் பலர் மீண்டும் தேடிக் கண்டறியப்பட்டனர்.

இங்குதான் நினைவின் இயல்பு வெளிப்படுகின்றது. மகப்பேறு போன்ற பெருநிகழ்ச்சிகள் நன்கு நினைவிலிருக்க, பாலூட்டிய கால அளவோ 6, 12, 18, 24 மாதங்கள் என்னும் முழு எண்களில் குவிகின்றது. ஜான் ஹாகா 1988இலேயே இக்குவிப்பை ஆராய்ந்தார். இதனைப் பொய்யுரை எனல் பொருந்தாது. நாட்காட்டியைக் கொண்டன்றி, அடுத்த குழந்தையையும் இடம்பெயர்வையும் கொண்டே தாய் காலத்தை அளக்கின்றாள்.

அண்மை நிகழ்ச்சிகளிலோ பிழை வேறு வகையினது. அமெரிக்காவில் வீட்டுப் பழுதுபார்ப்புச் செலவுகளை ஆராய்ந்த நெட்டரும் வாக்ஸ்பெர்க்கும், பழைய செலவுகளை மக்கள் அண்மைக் காலத்துக்கு இழுத்துக் கூறுவதை 1964இல் காட்டினர். முந்தைய நேர்காணலில் கூறியதை எடுத்துச் சொல்லி, அதன் பின் நிகழ்ந்தவற்றை மட்டும் கேட்பதே அவர்கள் கையாண்ட தீர்வு. எனினும் பழைய விடையை நினைவூட்டினால், அதற்கிசையவே பேசும் மனப்போக்கும் எழக்கூடும். இருமுறையும் ஒரே விடை கிடைத்தல் உறுதிப்பாடேயன்றி உண்மையாகாது. ஒரே பிழை இருமுறை கூறப்பட்டிருக்கலாம். இவ்வேறுபாட்டை நம் ஆய்வேடுகள் போதிய அளவு கருதுவதில்லை.

சிறு பிழைதானே எனக் கடந்து செல்லவும் இயலாது. பன்னிரண்டு மாதம் நிறைவதற்கு முன் நேரும் இறப்பே சிசு மரணமாகக் கணக்கிடப்படுகின்றது. பதினோராம் மாதத்தில் இறந்த குழந்தையைத் தாய் “ஒரு வயதில் போய்விட்டது” என்றால், பதிவேடு எதுவும் இல்லாத நிலையில், அவ்விறப்பு சிசு மரண எண்ணிக்கையினின்று நழுவிவிடும். அக்குழந்தை வாழ்ந்த ஊரின் சிசு மரண வீதமும் அவ்வளவுக்குக் குறைந்தே காட்டப்படும்.