104 சிறுமிகள், ஒரு விடுபட்ட கட்டம்

விழுப்புரத்துல இருந்து செஞ்சி போற ரோட்டுல, மண்டகப்பட்டுன்னு ஒரு ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக் கோயில் இருக்கு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமே இல்லாம விசித்திரசித்தன் செய்வித்த கோயில் இதுன்னு அங்கே ஒரு கல்வெட்டு சொல்லுது. அவனோட பட்டப் பெயர்தான் அது. எழுத்து கிரந்தம், மொழி சம்ஸ்கிருதம்.

அதுக்கு முன்னாடி நின்னப்போ எனக்கு வந்த கேள்வி வேற. அந்தப் பாறையடியில ஆடு மேய்ச்சவங்கள்ல எத்தனை பேருக்கு இதைப் படிக்கத் தெரிஞ்சிருக்கும்? இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு யாராவது எண்ணிப் பார்த்தாங்களா?

எண்ணினாங்க. ஆனா அது நடக்க இன்னும் ஆயிரத்து இருநூறு வருஷம் ஆச்சு.

சென்னைக்காரங்களுக்கு தீவுத்திடல் பக்கத்துல குதிரை மேல உட்கார்ந்திருக்கிற தாமஸ் மன்றோவைத் தெரியும். அவர் சென்னை மாகாண கவர்னரா இருந்தப்போ, 1822-இல் எல்லா கலெக்டர்களுக்கும் ஒரு உத்தரவு போச்சு. உங்க மாவட்டத்துல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை மாணவர், என்ன சாதி, ஆணா பெண்ணா, கணக்கு அனுப்புங்க. மண்டகப்பட்டு, விழுப்புரம், திண்டிவனம் எல்லாமே அப்போ தென்னார்க்காடு மாவட்டம். அந்த மாவட்டத்துக் கணக்கு இது: 875 பள்ளிகள், 10,523 மாணவர்கள். பள்ளிக்குச் சராசரியா பன்னிரண்டு பிள்ளைகள். ஒரு திண்ணை நிறைஞ்சிடும், அவ்வளவுதான்.

பையன்கள் 10,419 பேர். அதில் பிராமணர்கள் 997, சூத்திரர் என்ற தலைப்பில் 7,938. தரம்பால் 1983-இல் இந்தப் பட்டியல்களை எல்லாம் தொகுத்து ஒரு புத்தகமா போட்டார். படிப்பு மேல்சாதிக்கு மட்டும்தான் இருந்ததுன்னு சொன்னவங்களுக்கு அவர் காட்டின எண் இதுதான். அந்த எண் உண்மை. ஆனா சூத்திரர் என்பது ரொம்பப் பெரிய கூடை. நிலம் வச்சிருந்த வேளாளரும் அதுலதான், கைவினைஞரும் அதுலதான். இந்த எண்ணை வச்சு பொற்காலம்னு கொண்டாடறவங்களோட எனக்கு உடன்பாடு இல்லை. ஏன்னா, அதே தாளில் இன்னொரு எண்ணும் இருக்கு. சிறுமிகள்: 104.

875 பள்ளிகளுக்கு 104 பேர். எட்டுப் பள்ளிக்கு ஒரு பொண்ணு.

சரி, அந்தப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு என்ன தெரிஞ்சது? பட்டியல்ல அதுக்குக் கட்டமே கிடையாது. இதுல ஒரு வேடிக்கை இருக்கு. திண்ணைப் பள்ளியில முன்னேற்றத்தை அளக்க ஒரு தெளிவான வழி இருந்தது. முதல்ல மணல்ல விரலால எழுதணும். அது கைவந்த பிறகுதான் எழுத்தாணியும் ஓலையும். கூடவே எண்சுவடி மனப்பாடம். ஒரே வயசுக்காரங்களை ஒரே வகுப்புன்னு கட்டிப் போடுறது இல்லை. அவனவன் வேகத்துல மேல போவான், முந்திப் போனவன் சட்டாம்பிள்ளையா நின்னு பின்னாடி வர்றவனுக்குச் சொல்லிக் கொடுப்பான். எத்தனை பேர் மணலைத் தாண்டினாங்கன்னு கலெக்டர் ஒரு வரி கேட்டிருந்தா போதும், இன்னைக்கு நமக்கு வேற ஒரு சரித்திரமே கிடைச்சிருக்கும்.

மன்றோ 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில் மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 67 பேருக்கு ஒருத்தர் படிக்கிறார்னு கணக்குப் போட்டார். மறு வருஷமே காலராவில் இறந்துட்டார்.

அப்புறம் நேர் எதிர்ப்பக்கம் போனாங்க. இங்கிலாந்தில் 1862-இல் ராபர்ட் லோ ஒரு முறை கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூணையும் சோதிப்பார். தேறின பிள்ளைக்கு இவ்வளவுன்னு பள்ளிக்குப் பணம். அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள சென்னை மாகாணத்துக்கும் வந்துடுச்சு. இப்போ பிள்ளைக்கு என்ன தெரியும்னு கட்டம் வந்தாச்சு. ஆனா கூடவே காசும் வந்துச்சு. தேறுவான்னு தோணுறவனுக்குப் பாடம், தேறாதவனுக்குக் கடைசி வரிசை. இங்கிலாந்திலேயே 1890-களில் அதைக் கைவிட்டுட்டாங்க.

கேட்ட மாதிரி இருக்கா? பிளஸ் டூ ரிசல்ட் வர்ற அன்னைக்கு மாவட்டவாரியா தேர்ச்சி சதவீதம் போடுவாங்களே. 2017-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களின் ரேங்க் பட்டியலை நிறுத்தியது. நல்ல காரியம்னுதான் நான் நினைக்கிறேன். ஆனா மாவட்ட வரிசை அப்படியே இருக்கு. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைத் தொட்டப்போ, கள்ளக்குறிச்சி பிரியாத பழைய விழுப்புரம் மாவட்டம் 72-ஐக்கூட எட்டலை. அப்படிப்பட்ட வீட்டுல இருந்து, அந்தக் குடும்பத்துலயே முதல் ஆளா எழுதப் படிச்சு, 400 மார்க் வாங்குற பொண்ணு எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கான்னு அந்தச் சதவீதத்துல தெரியாது. மறுபடியும் அந்தக் கட்டத்தைக் காணோம்.

கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தப்போ, என்ன மறந்து போச்சுன்னு ஒவ்வொரு பிள்ளையா உட்கார வச்சுப் பார்க்க வேண்டிய நிலைமை வந்தது. 2021 அக்டோபர் 27-ஆம் தேதி ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்த இடம் முதலியார்குப்பம், மரக்காணம் பக்கம். இதே விழுப்புரம் மாவட்டம்தான். சாயங்காலம் ஒன்று, ஒன்றரை மணி நேரம், தெருவுக்குள்ளயே வகுப்பு. சொல்லிக் கொடுக்க வந்த தன்னார்வலர்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். பல இடத்துல, திண்ணையிலேயே.